ஹொட்டலா, ரைம்ஷெயரா? 25 வருசக் கணக்கை ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ

செம்மண் (கோண்டாவில்)

வணக்கம் எல்லாருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள ஒரு ஹோலில நடந்த கூட்டத்துக்கு நானும் மனிசியும் போனனாங்கள். அதுக்கு ஒரு கிழமைக்கு முதல் கடை வாசலில ஒரு பிள்ளை பேரையும் நம்பரையும் எழுதித் துண்டொண்டு போடச் சொன்னது. பேந்து கோல் வந்தது: "உங்களுக்கு ரெண்டு நாள் இலவசமாத் தங்கிற வவுச்சர் விழுந்திருக்கு, புருசன் பெண்சாதி ரெண்டு பேரும் சேர்ந்து வந்து எடுக்கவேணும்." ஒண்டரை மணித்தியாலம் எண்டு சொன்னவை. நாங்கள் வெளிய வரேக்க மூண்டரை மணித்தியாலம்.

அவை விக்கிறது ரைம்ஷெயர்: முதலே காசைக் கட்டினா அவையின்ர விடுதியில வருசாவருசம் குறிச்ச இரவு தங்கலாம். அவை தந்த கணக்கு இதுதான். 18 இலட்சம் ரூபா. 25 வருசம், வருசத்துக்கு 7 இரவு, மொத்தம் 175 இரவு. பிரிச்சா ஒரு இரவு 10,286 ரூபா. நான் டிசம்பருக்கு நுவரெலியாவில பார்த்து வைச்ச அறை ஒரு இரவு 18,000. அதோட வருசாவருசம் பராமரிப்புக் கட்டணம் 45,000. முழுக்காசும் ஒரேயடியாக் கட்டலாம், இல்லையெண்டா 4.5 இலட்சம் முற்பணம், மிச்சம் 16 வீத வட்டியில 48 மாசத் தவணை.

விலை 21 இலட்சமாம், அண்டைக்கே கையெழுத்து வைச்சா 18. "வீட்டை போய் யோசிச்சுச் சொல்லுறம்" எண்டு மனிசி எழும்பீட்டா. செவ்வாய்க்கிழமை வரைக்கும் அந்த விலையைப் பிடிச்சு வைக்கிறம் எண்டவை.

எனக்கு மனம் இழுக்குது, ஒளிக்காமல் சொல்லுறன். அம்மா, நாங்கள் ரெண்டு பேர், ரெண்டு பிள்ளையள். ஒவ்வொரு வருசமும் "வாற வருசம் பாப்பம்" எண்டே போகுது. காசைக் கட்டிவைச்சா அந்தக் கட்டாயத்திலயாவது வெளிக்கிடுவம் எண்டு நினைக்கிறன். நிலையான வைப்பில 18 இலட்சத்துக்குக் கிட்டக் கிடக்கு, மகளின்ர படிப்புக்கெண்டு சேர்த்தது. அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

உறுதிக்கட்டு (மானிப்பாய்)

தம்பி, நான் உறுதி எழுதும் நொத்தாரிசு அலுவலகமொன்றில் 34 வருடம் எழுதுநராக இருந்தவன். கணக்கை மற்றவர்கள் பார்ப்பார்கள். நான் கேட்பது ஒரே கேள்வி. 18 இலட்சத்துக்கு உங்கள் கையில் தரப்போவது சொத்துரிமை எழுதிய உறுதியா, அங்கத்துவப் பத்திரமா?

எங்கள் நாட்டில் காணியோ வீடோ கைமாறுவதென்றால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு உறுதி முடிக்க வேண்டும். அந்த உறுதியில் எத்தனை பரப்பு, எத்தனை குழி என்று காணியின் அளவு இருக்கும். வடக்கே யாருடைய காணி, கிழக்கே எந்த ஒழுங்கை என்று எல்லை இருக்கும். பிறகு அது காணிப் பதிவகத்தில் பதியப்படும். அமெரிக்காவில் சில ரைம்ஷெயர்கள் உண்மையிலேயே உறுதியோடு வருகின்றன, ஒரு வீட்டின் 52 கிழமைகளில் ஒரு கிழமை உங்களுடையது என்று எழுதுவார்கள். நீங்கள் சொல்வது அந்த வகையாகத் தெரியவில்லை. 25 வருடம் பாவிக்கும் உரிமை மட்டும்தான். 26ஆம் வருடம் உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

"சொந்தமாக ஒரு இடம்" என்ற சொல்லுக்கு எங்கள் சனம் இலகுவில் இளகிவிடும். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை வகை பிரித்து வாழ்ந்த ஊர் இது. அந்தச் சொல் எங்கே தைக்கும் என்று விற்பவருக்குத் தெரியும். அந்தப் பத்திரத்தின் பிரதியை உங்கள் வங்கிக் கிளை முகாமையாளரிடம் காட்டி, இதை ஈடாக வைத்து ஒரு இலட்சம் தருவீர்களா என்று கேளுங்கள். அவருடைய பதிலிலேயே சொத்தா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கணக்குப்புத்தகம் (நல்லூர்)

செம்மண் அண்ணா, அவை 18 இலட்சத்தை 175ஆல பிரிச்சது பிழையில்லை. ஆனா அது பாதிக் கணக்கு. மிச்சப் பாதியை நான் இராத்திரி இருந்து எக்செலில போட்டுப் பார்த்தன்.

முதல் பராமரிப்புக் கட்டணம். 45,000ஐ 7ஆல பிரிச்சா இரவுக்கு 6,429. அதையும் சேர்த்தா உங்கட "10,286" முதல் வருசமே 16,714 ஆயிடும். நீங்கள் பார்த்த அறைக்கும் இதுக்கும் வித்தியாசம் 1,300 ரூபாகூட இல்லை.

இனி அந்தக் கட்டணம் 45,000லயே நிக்காது. வருசம் 6 வீதம் ஏறுது எண்டு வைப்பம், எங்கட நாட்டுக்கு அது கூடின எண் இல்லை. 13ஆம் வருசம் அது 90,000ஐத் தாண்டும். 25ஆம் வருசம் 1 இலட்சத்து 82 ஆயிரம். 25 வருசத்துக்கும் கூட்டினா 24 இலட்சத்து 69 ஆயிரம். வாங்கின விலையைவிடப் பராமரிப்புக்குக் கட்டுற காசு கூட. அதை யாரும் கூட்டத்தில சொல்லியிருக்கமாட்டினம்.

தவணை முறையெண்டா 13.5 இலட்சத்துக்கு மாசம் 38,250 ரூபா அளவில வரும். 48 மாசத்தில வட்டி மட்டும் 4 இலட்சத்து 86 ஆயிரம். அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இப்ப மற்றப் பக்கம். 18 இலட்சத்தை எடுக்காமல் வைப்பிலயே விடுறியள் எண்டு வைப்பம். வட்டி 8 வீதம். 2025 ஏப்ரலில இருந்து வட்டியில 10 வீதம் வரியாப் பிடிக்கினம், ஆகவே கைக்கு வாறது 7.2 வீதம். முதல் வருசம் 1,29,600 ரூபா. 7 இரவுக்கு 18,000 படி ஹொட்டல் செலவு 1,26,000. அதாவது முதலில கை வைக்காமல் வட்டியிலயே ஹொட்டலுக்குப் போயிட்டு வரலாம், பராமரிப்புக்குக் கட்டவேண்டிய 45,000மும் கையில மிஞ்சும். அதையும் வைப்பிலயே போடுங்கோ.

ஹொட்டல் விலையும் வருசம் 6 வீதம் ஏறுது, ஒரு வருசம்கூடத் தவறாமல் 7 இரவும் போறியள், வருசக் கடைசியில காசு எடுக்கிறியள் எண்டு 25 வருசம் ஓட்டிப் பார்த்தன். எல்லாம் முடிய வைப்பில 8 இலட்சத்து 20 ஆயிரம் அளவு மிச்சம் இருக்கும். ரைம்ஷெயரில அந்த இடத்தில பூச்சியம்.

ஆனா ஒண்டை மறைக்கக் கூடாது. விலையேற்றம் வருசம் 8 வீதம் எண்டு மாத்தினா கணக்குத் திரும்புது. வைப்புக் காசு 22ஆம் வருசத்தோட முடிஞ்சிடும், கடைசி 3 வருசம் கையில இருந்துதான் போடவேணும். ஆகவே தவறாமல் போற ஆளுக்கு ரெண்டுக்கும் இடையில மலையும் மடுவுமான வித்தியாசம் இல்லை. எல்லாம் "தவறாமல்" எண்ட அந்தச் சொல்லிலதான் நிக்குது. அதுக்கு உங்களிட்டயே ஒரு கேள்வி: கடந்த 10 வருசத்தில எத்தனை வருசம் நீங்கள் 7 இரவு வீட்டைவிட்டு வெளியில தங்கினியள்?

செம்மண் (கோண்டாவில்)

2017இல கண்டிக்கு 3 இரவு. போன வருசம் திருக்கோணமலைக்கு 2 இரவு. அவ்வளவுதான் தங்கச்சி.

பனிக்கால்தடம் (ரொறன்ரோ)

2016இல டிஸ்னி பாக்க எண்டு புளோரிடா போன இடத்தில எங்களுக்கும் இதே கூத்து நடந்தது. பாக் ரிக்கற்றில பாதி விலைக் கழிவு, காலைச் சாப்பாடு, 90 நிமிசம். ஒருத்தர் கதைச்சு முடிய இன்னொருத்தர் வருவார், அவர் "மனேஜரோட கதைச்சு உங்களுக்காக ஒரு விலை எடுத்துக்கொண்டு வாறன்" எண்டு எழும்பிப் போவார். என்ர சின்ன மகள் கதிரையிலயே நித்திரை. கடைசியில களைச்சுப்போய் 19,000 டொலருக்குக் கையெழுத்து வைச்சிட்டம்.

ஹொட்டலுக்கு வந்து அந்த 60 பக்கத்தையும் நானும் மனிசனும் மாறிமாறி வாசிச்சம். 47ஆம் பக்கத்தில சின்ன எழுத்தில கிடந்தது, புளோரிடாச் சட்டப்படி 10 நாளுக்குள்ள எழுத்தில அறிவிச்சா ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம் எண்டு. அடுத்த நாள் காலமை தபால் கந்தோர் திறக்க முதலே வாசலில நிண்டு பதிவுத் தபாலில அனுப்பின கடிதத்தின்ர துண்டை இண்டைக்கும் வைச்சிருக்கிறன். அனுப்பின திகதிதான் கணக்கு. காசு முழுக்கத் திரும்பி வந்தது.

இஞ்ச ஒன்ராறியோவிலயும் ரைம்ஷெயருக்கு 10 நாள் இருக்கு. ஐரோப்பாவில 14 நாள், அந்த 14 நாளுக்குள்ள முற்பணமே வாங்கக் கூடாது எண்டு 2009இல வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி சொல்லுது. உங்களுக்கு அவை தாற ஒப்பந்தத்தில இப்படி ஒரு கால அவகாசம் எழுதியிருக்கோ எண்டு முதலில பாருங்கோ. வாயால சொல்லுறது கணக்கில்லை, எழுத்தில இருக்கவேணும்.

ஆறுபேர்க்குடும்பம் (மிஸிஸாகா)

எல்லாரும் ஒரு பக்கமாவே சொல்லுறியள், மற்றப் பக்கத்தையும் ஒராள் சொல்லவேணும். எங்களிட்ட 9 வருசமா இருக்கு, எங்களுக்கு அது நல்லாத்தான் போகுது.

நாங்கள் ஆறு பேர், மாமா மாமியும் சேர்த்து. ஹொட்டலெண்டா ரெண்டு அறை எடுக்கவேணும், சிலநேரம் ரெண்டும் ரெண்டு மாடியில. இதில ரெண்டு படுக்கையறை, ஒரு ஹோல், குசினி. மாமிக்குச் சீனி வருத்தம், வெளிச்சாப்பாடு மூண்டு நேரமும் ஒத்துவராது. போகேக்க அரிசிமாவும் நீத்துப்பெட்டியும் காரில ஏத்திக்கொண்டு போறம். காலமை புட்டு, மத்தியானத்துக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. பிள்ளையள் நீச்சல் தடாகத்தில நிக்க மாமி பல்கனியில இருந்து மரக்கறி வெட்டுவா. ஒரு கிழமைக்கு ஆறு பேருக்குச் சாப்பாட்டுச் செலவில மிஞ்சிற காசு எங்கட பராமரிப்புக் கட்டணத்தில அரைவாசிக்கு மேல.

ஆனா நாங்கள் கொம்பனியிட்ட வாங்கேல்லை. ஒரு வயசுபோன சோடி, பயணம் போக ஏலாது எண்டு விட நிண்டவை. சும்மா தந்தமாதிரித்தான், பேர் மாத்திற செலவு மட்டும் நாங்கள் குடுத்தது. அமெரிக்காவில புதுசா வாங்கினா சராசரி 24,000 டொலர் அளவில போகுது. அதே சாமான் இணையத்தில 1 டொலருக்கும் விலை போகாமல் கிடக்கு.

கணக்குப்புத்தகம் (நல்லூர்)

அக்கா, உங்கட கணக்குச் சரி. நீங்கள் 24,000 குடுக்கேல்லை எண்டதாலதான் சரி. உங்களுக்குச் சும்மா தந்த அந்தச் சோடி ஒருகாலத்தில முழுவிலை குடுத்திருப்பினம், அதை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. குசினி விசயம் உண்மைதான், அதை நான் யோசிக்கேல்லை. ஆனா நுவரெலியா, எல்ல பக்கம் குசினியோட முழு பங்களா ரெண்டு நாள், மூண்டு நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாம். அதுக்கு 25 வருசம் கட்டவேண்டியதில்லை.

கச்சேரியடி (யாழ்ப்பாணம்)

நான் இதை எழுதவேண்டாம் எண்டுதான் இருந்தனான். செம்மண் மகளின்ர காசு எண்டதை வாசிச்ச பிறகு பேசாமல் இருக்கேலாமல் போச்சு.

2018 கடைசியில நாங்கள் இப்பிடி ஒண்டு வாங்கினம், எந்தக் கொம்பனி எண்டு சொல்லேல்லை. 11 இலட்சம், 20 வருசம், வருசம் 6 இரவு. பராமரிப்பு 28,000. முதல் பயணத்தை 2019 மே மாசத்துக்குப் பதிஞ்சனாங்கள். ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு நடந்தது. அந்த நேரம் யார் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஹொட்டலுக்குப் போறது? ரத்துச் செய்தம். குறிச்ச நாளுக்கு 30 நாளுக்குள்ள ரத்துச் செய்தா இரவுகள் போயிடும் எண்டு ஒப்பந்தத்தில இருக்காம். போச்சு.

2020 மார்ச்சில ஊரடங்கு. அந்த வருசம் முழுக்கப் போகேல்லை. 2021உம் அப்பிடியே, வைகாசிக்குப் பிறகு நாடே பூட்டு. இரவுகளை அடுத்த வருசத்துக்கு நகர்த்தித் தாறம் எண்டு சொன்னவை, ஆனா அதுக்கும் அந்தந்த வருசப் பராமரிப்பைக் கட்டியிருக்கவேணும். கட்டினம். 2022இல நாலு இரவு சேர்த்து எடுத்து எல்லாம் பதிஞ்சு வைச்சிருக்க, எண்ணெய் இல்லை. அரசாங்கம் பங்கிட்ட கியூஆர் கோட்டுக்குக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல். எங்கட பழைய கார் லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடும். யாழ்ப்பாணத்தில இருந்து நுவரெலியாவுக்கு ஒரு பக்கம் போகவே அது காணாது.

நாலு வருசம், ஒரு இரவும் தங்கேல்லை. நாலு வருசத்துக்கும் கட்டணம் கட்டினம். நாங்கள் போகாத வருசத்துக்கு எந்த ஹொட்டல்காரனும் எங்களுக்குப் பில் அனுப்பியிருக்கமாட்டான்.

பேந்து கரண்ட் விலை. 2022 ஓகஸ்டில 75 வீதம் கூட்டினாங்கள், 2023 மாசியில திரும்ப 66 வீதம். அந்தக் கொம்பனி எல்லா அங்கத்தவருக்கும் ஒரு கடிதம் அனுப்பினது, மின்சாரம், எரிவாயு, சம்பளம் எல்லாம் கூடினதால பராமரிப்புக் கட்டணம் திருத்தப்பட்டிருக்கு எண்டு. 28,000 இப்ப 61,000. "இண்டைய விலையில நாளைய விடுமுறை" எண்டு கூட்டத்தில திரையில பெரிசாப் போட்டுக் காட்டினவை. விலை பூட்டப்பட்டது எங்கட 11 இலட்சத்துக்கு மட்டும்தான், அது அவையின்ர கையில முதல் நாளே போய்ச் சேர்ந்திட்டுது. எங்கட கையில மிஞ்சினது பூட்டில்லாத பங்கு.

நாங்கள் அந்த 11 இலட்சத்தை வைப்பிலயே விட்டிருந்தா, 2022 கடைசியில வங்கியள் 20 வீதத்துக்கு மேல வட்டி தந்த நேரம் ஒரு வருசத்துக்குக் கட்டிப் போட்டிருக்கலாம். அதை நினைக்க இண்டைக்கும் நெஞ்சு எரியுது. எங்கட மனிசனுக்குச் சொல்லிக்காட்டுறேல்லை, கையெழுத்து வைச்சது ரெண்டு பேரும்தான்.

செம்மண் (கோண்டாவில்)

அக்கா, இதை எழுதினதுக்கு நன்றி. 30 நாள் விசயத்தை நான் கேக்கேல்லை. கூட்டத்தில தந்த பைலை எடுத்துப் பார்க்கிறன்.

வெண்கட்டி (சுன்னாகம்)

நான் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன், அதனால எனக்கு உடன பட்டது விடுமுறை நாள்தான். அண்ணை, உங்களுக்குத் தாறது எந்தப் பருவம்? இவை வருசத்தை நிறம் நிறமாப் பிரிச்சு வைச்சிருப்பினம். உலகம் முழுக்கக் கிழமை மாத்திக் குடுக்கிற ஆர்சிஐ எண்ட கொம்பனி 1974இல தொடங்கினது, அங்க சிவப்பு, வெள்ளை, நீலம். சிவப்புத்தான் சனம் அள்ளுப்படுற காலம். இந்தியாவில கிளப் மகிந்திரா எண்ட கொம்பனியில ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் எண்டு நாலு. எந்த நிறத்துக்குக் காசு கட்டுறியளோ அந்த நிறக் கிழமையும் அதுக்குக் கீழ உள்ளதும்தான் உங்களுக்கு.

எங்கட பிள்ளையளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பரை ஒட்டித்தான். ஏப்ரலில நுவரெலியாவில வசந்தகாலக் கொண்டாட்டம், கொழும்புச் சனம் முழுக்க அங்க. டிசம்பரும் அப்பிடித்தான். ரெண்டும் விலைகூடின நிறத்துக்குள்ள வரும். மிச்சம் ஆடி, ஆவணி. நல்லூர் முருகன் கோயிலில கொடியேறினா 25 நாள் எங்கட வீடுகளில மச்ச மாமிசமும் இல்லை, வெளியூர்ப் பயணமும் இல்லை. அம்மா தேருக்கும் தீர்த்தத்துக்கும் நிக்காமல் உங்களோட நுவரெலியா வருவாவோ? வெளிநாட்டுச் சனமும் அப்பதான் வந்து இறங்கும், வீடு நிறைய ஆக்கள். அதுக்கு மேல ஓஎல், ஏஎல் சோதனை வருசம், ஒரு செத்தவீடு, ஒரு துடக்கு, ஒரு கலியாணவீடு. எங்கட வாழ்க்கை 25 வருசத்துக்கு முன்கூட்டியே கட்டம் போட்டு வைக்கிற வாழ்க்கை இல்லை.

செம்மண் (கோண்டாவில்)

பைலைப் பார்த்தன். "வெள்ளை" எண்டு போட்டிருக்கு. டிசம்பர் 15இல இருந்து ஜனவரி 5 வரைக்கும் இல்லை, ஏப்ரல் முழுக்க இல்லை. டிசம்பரில போகவேணுமெண்டா இன்னும் 6 இலட்சம் கட்டிச் "சிவப்பு" எடுக்கவேணும். கூட்டத்தில அந்த மனிசன் எனக்கு டிசம்பர் அறை விலையைக் காட்டித்தான் கணக்குச் சொன்னது.

தேம்ஸ்கரை (லண்டன்)

என்ர அனுபவம் வேற மாதிரி. வாங்கினது நான் இல்லை, அப்பா.

2001இல அப்பாவும் அம்மாவும் ஸ்பெயினின்ர ரெனரீஃப் தீவுக்குப் போனவை. நடைபாதையில ஒரு பெடியன் சுரண்டிற சீட்டொண்டு குடுத்திருக்கிறான், பரிசு விழுந்திருக்கு. 7,500 பவுண். அப்ப பராமரிப்பு 210 பவுண். அப்பா தபால் கந்தோரில வேலை செய்தவர், ஓவர்ரைம் செய்து சேர்த்த காசு. முதல் அஞ்சாறு வருசம் போனவை, சந்தோசமா இருந்தவை, அதை நான் இல்லையெண்டு சொல்லமாட்டன். அப்பா கடற்கரைக் கதிரையில வெள்ளைத் தொப்பியோட இருக்கிற படம் இண்டைக்கும் எங்கட ஹோலில தொங்குது. பேந்து அவருக்கு நெஞ்சு வருத்தம். பிளேன் ஏற ஏலாமல் போச்சு. கட்டணம் மட்டும் நிக்காமல் ஏறினது.

2017இல அப்பா காலமானார். எட்டுச் செலவு முடிஞ்சு அலுமாரி லாச்சியைத் திறக்க ஒரு நீலப் பைல். உள்ளுக்க 16 வருசத்துப் பற்றுச்சீட்டும் வரிசையா, திகதி ஒழுங்கில, ஒவ்வொண்டிலயும் அப்பாவின்ர கையெழுத்தில "கட்டியாச்சு". கடைசிச் சீட்டு 890 பவுண். அடுத்த தை மாசம் அப்பாவின்ர பேருக்கே 940 பவுணுக்குப் பில் வந்தது. மரண அத்தாட்சிப் பத்திரம் அனுப்பினம். பிள்ளையள் வாரிசா ஏற்காமல் மறுக்கலாம் எண்டு வழக்கறிஞர் சொன்னார், ஆனா ஒப்பந்தத்தில அம்மாவின்ர பேரும் கூட்டாக் கிடந்தது. ஒப்பந்தத்துக்கு முடிவுத் திகதியே இல்லை.

ஸ்பெயினில 1998ஆம் ஆண்டுச் சட்டம் ரைம்ஷெயருக்கு 50 வருசம் எண்டு உச்சவரம்பு வைச்சது. அதை மீறின ஒப்பந்தம் செல்லாது எண்டு அங்கத்தை உச்ச நீதிமன்றம் 2015 தையில தீர்ப்புச் சொன்னது. எங்களுக்கும் வழக்குக்குப் போக வழி இருந்தது. அம்மாவுக்கு 74 வயசு, அவவை அந்த இழுபறிக்குள்ள விட மனமில்லை. 3 வருசக் கட்டணத்தை ஒரேயடியாக் கட்டி எழுதி வாங்கி வெளிய வந்தம்.

செம்மண் அண்ணை, உங்கட ஒப்பந்தத்தில மகளின்ர பேரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டவையோ? "பிள்ளையளுக்கும் போகும்" எண்டு பெருமையாச் சொல்லுவினம். பிள்ளையளுக்குப் போறது கட்டணமும்தான்.

பனிக்கால்தடம் (ரொறன்ரோ)

தேம்ஸ்கரை, வாசிக்கக் கண் கலங்குது. இன்னொண்டையும் இதில போட்டுவிடுறன், ஏற்கெனவே வாங்கிப்போட்டு இதை வாசிக்கிற ஆக்களுக்காக. "உங்கட ரைம்ஷெயருக்கு வாங்க ஆள் ரெடி, வரிக்கும் பத்திரச் செலவுக்கும் முதல் கொஞ்சக் காசு அனுப்புங்கோ" எண்டு கோல் வந்தா வையுங்கோ போனை. மெக்சிக்கோவில இதை ஒரு போதைப்பொருள் கும்பலே தொழிலாச் செய்யுது எண்டு 2024 யூலையில அமெரிக்க அரசாங்கம் எச்சரிக்கை விட்டது. 2019இல இருந்து 2023 வரைக்கும் 6,000 பேர் அளவில, கிட்டத்தட்ட 300 மில்லியன் டொலர் இழந்திருக்கினம். கனபேர் ஓய்வுபெற்ற ஆக்கள். விக்கிற ஆள் காசு குடுக்கிறதெண்டா அதில ஏதோ பிழை.

கணக்குப்புத்தகம் (நல்லூர்)

கச்சேரியடி அக்காவின்ர கதைக்குப் பிறகு எக்செலைத் திரும்பத் திறந்தன். அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஒரு வருசம் போகேல்லை எண்டு மட்டும் மாத்தினன். மற்றதெல்லாம் அதே எண்கள், 6 வீத விலையேற்றம். முடிவில வைப்பில மிஞ்சிறது 8 இலட்சத்து 20 ஆயிரத்தில இருந்து 36 இலட்சத்துக்கு மேல ஏறுது. 25 வருசத்துக்குப் பிறகு அந்த 36 இலட்சத்தின்ர பெறுமதி இண்டையதைப் போல இராது, அது தெரியும். ஆனாலும் அஞ்சு வருசம் போகாததுக்கே இவ்வளவு.

ரைம்ஷெயர் வெல்லுது எண்டு நான் சொன்ன 8 வீதக் கணக்கிலயும், 25இல 3 வருசம் தவறினாலே ஹொட்டல் பக்கம் மலிவாயிடுது. செம்மண் அண்ணா, உங்கட கணக்கில 10 வருசத்தில ரெண்டு பயணம், மொத்தம் 5 இரவு.

உறுதிக்கட்டு (மானிப்பாய்)

தங்கச்சி போட்ட கணக்கை அச்செடுத்து வைத்திருக்கிறேன். என் மருமகனுக்கும் அந்த ஹோலில் இருந்து கோல் வந்திருக்கிறது.

செம்மண் (கோண்டாவில்)

இண்டைக்குச் செவ்வாய். காலமை நானே கோல் எடுத்தன். மூண்டு கேள்வி கேட்டன். பராமரிப்புக் கட்டணம் வருசத்துக்கு இவ்வளவுக்கு மேல ஏறாது எண்டு எழுதித் தருவியளோ? கையெழுத்து வைச்ச பிறகு 14 நாளுக்குள்ள ரத்துச் செய்தா முழுக்காசும் தருவியளோ? அஞ்சு வருசத்தில எனக்கு வேண்டாமெண்டா நீங்கள் திருப்பி எடுப்பியளோ?

முதல் கேள்விக்கு "இதுவரைக்கும் நியாயமாத்தான் கூட்டியிருக்கிறம்" எண்டார். ரெண்டாவதுக்கு 10 வீதம் நிர்வாகச் செலவாப் பிடிப்பினமாம். மூண்டாவதுக்கு, நீங்களே ஆள் பிடிச்சு விக்கலாம் எண்டார். எழுத்தில அனுப்புங்கோ எண்டன். மத்தியானம் வரைக்கும் வரேல்லை. பின்னேரம் அவரே கோல் எடுத்து 16.5 இலட்சத்துக்கு முடிச்சுத் தாறன் எண்டார். ஞாயிற்றுக்கிழமை 21, பேந்து 18, இப்ப 16.5. வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்.

மனிசியோட இருந்து வேற மாதிரி யோசிச்சம். வைப்பில வாற வட்டியை மாசாமாசம் தனிக் கணக்கொண்டுக்கு மாத்தச் சொல்லி வங்கியில எழுதிக் குடுத்திட்டன். மகளின்ர முதலில கை வைக்கேல்லை. அந்தக் கணக்கில சேருற காசு பயணத்துக்கு மட்டும். என்ர பேச்சை நம்பாமல் மனிசி அட்டையைத் தன்ர கைப்பையில வைச்சிருக்கிறா. டிசம்பருக்கு 3 இரவு நுவரெலியாவில ரெண்டு அறை பதிஞ்சாச்சு, 48 மணித்தியாலத்துக்கு முதல் வரைக்கும் காசில்லாமல் ரத்துச் செய்யலாம். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, கீழ் மாடியில அறை கேட்டிருக்கிறன். வாடகை வான் பேசவேணும். எந்த வழியால போறது நல்லது எண்டு ஆரும் சொல்லுங்கோ.

வெண்கட்டி (சுன்னாகம்)

ஏ9 வீதியால தம்புள்ளை, பேந்து கண்டி, கம்பளை, றம்பொடை வழி. விடிய மூண்டு மணிக்கு வெளிக்கிட்டா வெயிலுக்கு முதல் தம்புள்ளை தாண்டலாம். றம்பொடை வளைவுகளில சின்னனுக்குச் சத்தி வரும், முன் சீற்றில அம்மாவை இருத்துங்கோ, சின்னனை நடுவில. அம்மாவுக்குக் கம்பளிப் போர்வை கட்டாயம்.